மழையை மதித்த ஓட்டுநர்

பினாங்குத் தீவில் செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரையில் அடைமழை பெய்வது வழக்கம். முதலில் பினாங்கு மலையின் உச்சி மறையும். பிறகு கொம்தார் கட்டடத்தின் மேல்மாடிகள் மறையும். சற்று நேரத்தில் ஜார்ஜ் டவுன் சாலைகளில் நீர் பெருக்கெடுக்கும். பத்து பெரிங்கியிலிருந்து தெலுக் பஹாங் செல்லும் கடலோரச் சாலையிலும், அங்கிருந்து பாலிக் புலாவை நோக்கி ஏறும் மலைச்சாலையிலும் வளைவுகள் அடுத்தடுத்து வரும். வெயில் நாளில் எளிதாகக் கடக்கும் வளைவு, மழை நாளில் ஓட்டுநரின் திறமையையும் பொறுமையையும் ஒருசேரச் சோதிக்கும்.

ஈரச் சாலையில் வண்டி ஓட்டுவதை ஒரு கலையாகவே பயின்ற மனிதர் ஒருவர் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தார். இன்றைய மகிழுந்துகளில் உள்ள பாதுகாப்புக் கருவிகள் எவையும் அன்று இல்லை. இருக்கை வார் இல்லை, கூரை இல்லை, சக்கரம் வழுக்கினால் தானாகவே சரிசெய்யும் மின்னணுக் கருவியும் இல்லை. ஆற்றல் மிகுந்த இயந்திரமும் மெல்லிய டயர்களும் மட்டுமே இருந்தன. அத்தகைய வண்டிகளைக் கொட்டும் மழையில் ஓட்டி, உலகின் தலைசிறந்த பந்தய ஓட்டுநர்களுள் ஒருவராகத் திகழ்ந்தவர் ருடோல்ஃப் கராச்சியோலா. ஜெர்மானிய மக்கள் அவரை மழை மேதை என்று பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தனர்.

ரைன் நதிக்கரையில்

கராச்சியோலா 1901ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் அமைந்துள்ள ரெமாகன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய முன்னோர் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள். பெற்றோர் தங்கும் விடுதி நடத்தி வந்தனர். அவர் பதின்ம வயதில் இருந்தபோதே தந்தை காலமானார். மகன் பல்கலைக்கழகத்தில் பயில வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினர். அவருடைய மனமோ மகிழுந்துகளையே நாடியது. ஆகன் நகரில் இருந்த ஒரு மகிழுந்துத் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தார். 1922ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பந்தயங்களில் கலந்துகொண்டார். அடுத்த ஆண்டில் டெய்ம்லர் நிறுவனத்தில் மகிழுந்து விற்பனையாளராக வேலைக்கு அமர்ந்தார்.

பகலில் விற்பனை, வாய்ப்புக் கிடைக்கும்போது பந்தயம் என்று மூன்று ஆண்டுகள் கழிந்தன. சிறு பந்தயங்களில் அவர் பெற்ற வெற்றிகள் பல. ஆயினும், பெரிய பந்தயத்தில் நிறுவனத்தின் வண்டியை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அவர் இன்னும் பெயர் பெறவில்லை.

ஆவுஸில் பெய்த மழை

1926ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், பெர்லின் நகரின் ஆவுஸ் பந்தயச் சாலையில் ஜெர்மன் கிராண்ட் பிரி நடைபெறவிருந்தது. ஆவுஸ் சாலை இரண்டு நீண்ட நேர்கோட்டுப் பாதைகளையும், அவற்றை இரு முனைகளில் இணைக்கும் வளைவுகளையும் கொண்டது. ஒரு சுற்று 19 கிலோமீட்டருக்கும் அதிகம். டெய்ம்லர் நிறுவனம் அப்போது ஸ்பெயினில் நடந்த மற்றொரு பந்தயத்தில் கவனம் செலுத்தியது. இதை அறிந்த கராச்சியோலா, தமக்கு ஒரு வண்டி தருமாறு நிறுவனத்திடம் கேட்டார். வண்டி கிடைத்தது; ஆனால், நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் தனிப்பட்ட போட்டியாளராகவே பங்கேற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதே வகை வண்டியில் அடால்ஃப் ரோசன்பெர்கர் என்பவரும் கலந்துகொண்டார்.

தொடக்கமே சறுக்கலாக அமைந்தது. கொடி அசைந்தவுடன் மற்ற வண்டிகள் பாய்ந்து சென்றன. கராச்சியோலாவின் இயந்திரம் அணைந்துவிட்டது. உடன் அமர்ந்திருந்த இயந்திரப் பணியாளர் இறங்கி வண்டியைத் தள்ளினார். இயந்திரம் மீண்டும் உயிர் பெறுவதற்குள் ஒரு நிமிடத்திற்கும் மேல் ஓடிவிட்டது. கூட்டத்தின் கடைசியில் 25 வயது இளைஞர் தனியே புறப்பட்டார்.

சிறிது நேரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. ஈரமான சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறின. எட்டாவது சுற்றில் ரோசன்பெர்கரின் வண்டி கட்டுப்பாட்டை இழந்து, நேரக் கணிப்பாளர் குடிலில் மோதியது. குடிலுக்குள் பணியில் இருந்த மூவரும் உயிரிழந்தனர். அவர்கள் பந்தயத்தில் போட்டியிட வந்தவர்கள் அல்லர். வேகத்தைத் தேடிச் சென்றவர்களும் அல்லர். தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்த அவர்கள் மீது ஒரு சறுக்கல் வந்து விழுந்தது. ஈரச் சாலையில் ஓட்டுநர் செய்யும் பிழைக்கு அவர் மட்டுமே விலை கொடுப்பதில்லை என்பதற்கு அந்த மூவரின் மரணமே சான்று.

கராச்சியோலா மழையிலும் மூடுபனியிலும் ஓட்டிக்கொண்டே இருந்தார். முன்னால் எத்தனை வண்டிகள் உள்ளன, தாம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. பிறரைத் துரத்தும் எண்ணத்தை விடுத்து, தம் வண்டியைச் சாலையில் நிலைநிறுத்துவதிலேயே கருத்தாக இருந்தார். இருபது சுற்றுகள் முடிந்து வண்டியை நிறுத்தியபோது, தாமே வெற்றியாளர் என்று அறிந்து வியந்தார். கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு பெர்லினில் சொந்தமாக மகிழுந்து விற்பனை நிலையம் தொடங்கினார். அதே ஆண்டில் சார்லோட் என்பவரை மணந்தார்.

பின்சக்கரம் கற்பித்த பாடம்

கராச்சியோலாவின் திறமையைப் புரிந்துகொள்ள, அவர் ஓட்டிய வண்டிகளின் தன்மையை அறிவது தேவை. அவற்றில் இயந்திரம் முன்புறம் இருக்கும். அதன் ஆற்றல் பின்சக்கரங்களுக்குச் செல்லும். முன்சக்கரங்கள் திசையைத் திருப்பும். பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளும்.

ஒரு டயர் சாலையைப் பற்றிக்கொள்ளும் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. அந்தப் பிடியை மாதச் சம்பளத்திற்கு ஒப்பிடலாம். திரும்புவதற்கு ஒரு பங்கு, பிரேக் பிடிப்பதற்கு ஒரு பங்கு, வேகம் கூட்டுவதற்கு ஒரு பங்கு என்று அந்தச் சம்பளத்தைச் செலவிட வேண்டும். மழை பெய்தால் சம்பளம் குறைந்துவிடுகிறது. அப்போதும் பழையபடியே செலவு செய்பவர் கடனாளி ஆவதுபோல், பழைய வேகத்திலேயே வளைவுக்குள் நுழைபவர் பிடியை இழக்கிறார்.

பின்சக்கர இயக்கம் கொண்ட ஆற்றல்மிக்க வண்டியில் இந்த இழப்பு நொடிப்பொழுதில் நேர்கிறது. வளைவில் செல்லும்போது ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால், பின்சக்கரங்கள் சுழலுமே தவிர சாலையைப் பற்றா. வண்டியின் பின்பகுதி வெளிப்புறமாக வழுக்கும். வண்டி பம்பரம்போல் சுழன்றுவிடும். அச்சத்தில் பிரேக்கை அழுத்தினாலும் ஆபத்துத்தான். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது; பின்சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைகிறது; எஞ்சியிருந்த பிடியும் போய்விடுகிறது.

இதற்குக் கராச்சியோலா பின்பற்றிய வழி மென்மை. வளைவுக்கு முன்பே, வண்டி நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்வார். வளைவுக்குள் ஸ்டீரிங்கை வெட்டித் திருப்பாமல் சீராகத் திருப்புவார். வண்டி மீண்டும் நேர்ப்படத் தொடங்கிய பிறகே ஆக்சிலரேட்டரைச் சிறிது சிறிதாக அழுத்துவார். பின்பகுதி வழுக்கத் தொடங்கினால், மிதியை மெல்லத் தளர்த்தி, பின்பகுதி வழுக்கும் திசையிலேயே ஸ்டீரிங்கைத் திருப்பி வண்டியை நேர்ப்படுத்துவார். அவருடைய கைகளும் கால்களும் பதற்றமின்றி இயங்கின. வண்டியின் ஆற்றல் எவ்வளவு என்பதைவிட, அதில் எவ்வளவைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

யானையும் பாகனும்

1927ஆம் ஆண்டு நூர்புர்க்ரிங் என்னும் புதிய பந்தயச் சாலை ஜெர்மனியில் திறக்கப்பட்டது. காடும் மலையும் சூழ்ந்த அச்சாலையில் நடந்த தொடக்கப் பந்தயத்திலேயே கராச்சியோலா வெற்றி பெற்றார். அந்நாளில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தயாரித்த எஸ்.எஸ்.கே. என்னும் விளையாட்டு மகிழுந்து புகழ்பெற்றது. அதன் இயந்திரம் 7 லிட்டர் கொள்ளளவு கொண்டது. வண்டியின் எடையோ ஒன்றரை டன்னுக்கும் அதிகம். வளைவுகள் நிறைந்த சாலையில் அதை ஓட்டுவது, மதம் பிடித்த யானையை அங்காடித் தெருவில் நடத்திச் செல்வதற்கு ஒப்பாகும்.

1929ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வட அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகருக்கு அருகில் டூரிஸ்ட் டிராபி பந்தயம் நடந்தது. அது பந்தயத்திற்கென அமைக்கப்பட்ட திடல் அன்று. சிற்றூர்களின் வழியாகச் செல்லும் பொதுச் சாலை. வீட்டுச் சுவர்களும் வேலிகளும் கல்மதில்களும் சாலையை ஒட்டியே நின்றன. மழையால் சாலை நனைந்தபோது, இலேசான சிறிய வண்டிகளுக்கே வாய்ப்பு அதிகம் என்று எவரும் எண்ணக்கூடும். ஆனால், பாரம் மிகுந்த மெர்சிடிஸ் வண்டியைக் கராச்சியோலா யானைப்பாகனைப்போல் பதமாக நடத்தி வெற்றி பெற்றார்.

1931ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இத்தாலியின் மில்லே மில்யா நெடுந்தூரப் பந்தயத்தில் பங்கேற்றார். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவை 16 மணி நேரத்திற்குச் சற்று அதிகமான காலத்தில் கடந்து, அப்பந்தயத்தில் வென்ற முதல் வெளிநாட்டவர் என்ற பெருமையைப் பெற்றார். அதே ஆண்டு ஜூலையில் நூர்புர்க்ரிங்கில் மழைக்கிடையே நடந்த ஜெர்மன் கிராண்ட் பிரியிலும் அவருக்கே வெற்றி கிட்டியது. எடை குறைந்த, விரைவாகத் திரும்பக்கூடிய புகாட்டி, ஆல்ஃபா ரோமியோ வண்டிகள் அவருக்குப் பின்னால் வந்தன.

சுவரில் மோதிய நாள்

வெற்றிகளின் உச்சியில் இருந்தபோது சோதனை வந்தது. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மொனாக்கோ நகரில் பயிற்சி ஓட்டத்தின்போது, அவருடைய வண்டியின் பிரேக் செயலிழந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கற்சுவர். முடிவெடுக்க ஒரு கணமே இருந்தது. அவர் சுவர்ப்பக்கம் வண்டியைத் திருப்பினார். மோதலில் வலது தொடை எலும்பு நொறுங்கியது.

அவர் இனிப் பந்தய வண்டி ஓட்டுவது அரிது என்று மருத்துவர்கள் கருதினர். பல மாதங்கள் படுக்கையிலேயே கழிந்தன. நடக்கத் தொடங்கியபோது வலது கால் இடது காலைவிடச் சில சென்டிமீட்டர் குட்டையாகியிருந்தது. அந்தத் துயரம் ஆறுவதற்குள் மற்றொரு பேரிடி விழுந்தது. 1934ஆம் ஆண்டு பிப்ரவரியில், சுவிட்சர்லாந்து மலைப்பகுதியில் பனிச்சறுக்கு விளையாடச் சென்ற மனைவி சார்லோட் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார். கராச்சியோலா மனிதர்களைச் சந்திப்பதையே தவிர்த்து ஒதுங்கியிருந்தார்.

அவருடைய நண்பரும் பந்தய ஓட்டுநருமான லூயி ஷிரோன் அடிக்கடி வந்து ஆறுதல் கூறினார். அவருடைய தூண்டுதலால், அந்த ஆண்டு மொனாக்கோ பந்தயம் தொடங்குவதற்கு முன் ஒரு மரியாதைச் சுற்று ஓட்டக் கராச்சியோலா இசைந்தார். தம்மை வீழ்த்திய அதே சாலையில் மீண்டும் ஸ்டீரிங்கைப் பிடித்தபோது, ஓட்டுவதை விட்டுத் தம்மால் வாழ முடியாது என்பதை உணர்ந்தார். வலியோடு மீண்டும் பந்தயத்திற்குத் திரும்பினார்.

திரும்பி வந்தவர் முன்னைவிடச் சிறந்து விளங்கினார். 1935, 1937, 1938 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஐரோப்பிய வெற்றியாளர் பட்டத்தை வென்றார். 1936ஆம் ஆண்டு மொனாக்கோ பந்தயத்தில் கனமழை பெய்தது. ஒரு வண்டியிலிருந்து கசிந்த எண்ணெய் மழைநீரோடு கலந்து வளைவில் பரவ, தொடக்கச் சுற்றுகளிலேயே பல வண்டிகள் வழுக்கி ஒன்றோடொன்று மோதின. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தம் காலை முறித்த அந்த நகரில், நூறு சுற்றுகளையும் நிதானமாக ஓட்டி முடித்துக் கராச்சியோலா முதலிடம் பெற்றார்.

1937ஆம் ஆண்டில் அவர் ஓட்டிய மெர்சிடிஸ் வண்டி 600 குதிரைத்திறனை நெருங்கியது. அவ்வளவு ஆற்றலும் இரண்டு பின்சக்கரங்களுக்கே சென்றது. அணி மேலாளர் ஆல்ஃபிரட் நொய்பவர் பல தலைமுறை ஓட்டுநர்களைக் கண்டவர். அவர் கராச்சியோலாவையே எல்லாரிலும் சிறந்தவராகக் கருதினார்.

இந்த வெற்றிகளுக்கு ஓர் இருண்ட பின்னணியும் உண்டு. அக்காலத்தில் ஜெர்மனியை ஆண்ட நாஜி அரசு பந்தய அணிகளுக்குப் பணம் அளித்து, அவற்றின் வெற்றிகளைத் தன் பெருமைக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1926ஆம் ஆண்டில் கராச்சியோலாவோடு ஆவுஸில் ஓட்டிய ரோசன்பெர்கர், யூதர் என்பதற்காக 1935ஆம் ஆண்டில் சிறைப்படுத்தப்பட்டார்; பின்னர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் வீடு அமைத்துக்கொண்ட கராச்சியோலா, ஜெர்மானிய அணிக்காகத் தொடர்ந்து ஓட்டி வந்தார்.

காற்றும் கவனிக்க வேண்டியதே

மோசமான வானிலை என்பது மழை மட்டும் அன்று. 1938ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், பிராங்பர்ட் நகருக்கும் டார்ம்ஸ்டாட் நகருக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் வேகச் சாதனை முயற்சிகள் நடந்தன. காற்று அமைதியாக இருந்த காலை வேளையில் கராச்சியோலா ஓட்டினார். ஒரு கிலோமீட்டர் தொலைவை இரு திசைகளிலும் ஓட்டி, மணிக்குச் சராசரியாக 432.7 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். பொதுச் சாலையில் நிகழ்ந்த அந்தச் சாதனையை 2017ஆம் ஆண்டு வரை எவரும் முறியடிக்கவில்லை.

அன்று முற்பகலில் போட்டி நிறுவனமான ஆட்டோ யூனியனின் ஓட்டுநர் பெர்ன்ட் ரோசமேயர் களமிறங்கினார். 28 வயதே ஆன அவர், அச்சமறியாத ஓட்டுநர் என்று நாடு முழுவதும் போற்றப்பட்டவர். நேரம் செல்லச் செல்லக் காற்று வலுத்தது. சோதனை ஓட்டத்தை முடித்த ரோசமேயர் மீண்டும் புறப்பட்டார். சாலையோர மரங்கள் இல்லாத ஓரிடத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தாக்கியது. வண்டி சாலையைவிட்டுத் தூக்கியெறியப்பட்டது, ரோசமேயர் உயிரிழந்தார்.

இரண்டு ஓட்டுநர்களும் திறமையில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் அல்லர். சாலையும் ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். சில மணி நேரத்தில் காற்று மாறியது. வானிலை மாறும்போது முடிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அந்த ஒரு நாள் உலகிற்கு உணர்த்தியது.

மழை மேதையும் வழுக்கினார்

1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுவிட்சர்லாந்து கிராண்ட் பிரி பெருமழையில் நடந்தது. கராச்சியோலாவின் அணியைச் சேர்ந்த ரிச்சர்ட் சீமன் என்னும் ஆங்கிலேய இளைஞர் முதலில் முன்னணியில் சென்றார். கராச்சியோலா பொறுமையோடு பின்தொடர்ந்து, தக்க தருணத்தில் அவரை முந்தி வெற்றி பெற்றார்.

மறு ஆண்டு ஜூன் மாதம் பெல்ஜியம் நாட்டின் ஸ்பா பந்தயத்திலும் மழை பெய்தது. இம்முறை முடிவு வேறாக அமைந்தது. மழை மேதை என்று போற்றப்பட்ட கராச்சியோலாவின் வண்டியே ஒரு வளைவில் வழுக்கிச் சுழன்று நின்றுவிட்டது. அவர் இறங்கி, வண்டியைப் பிறருக்கு இடையூறு இல்லாத இடத்திற்குத் தள்ளிவிட்டுப் பந்தயத்திலிருந்து விலகினார். அதே பந்தயத்தில் முன்னணியில் சென்ற சீமனின் வண்டி வழுக்கி மரத்தில் மோதித் தீப்பற்றியது. 26 வயது இளைஞரான அவர் மருத்துவமனையில் உயிரிழந்தார்.

பதின்மூன்று ஆண்டுகள் மழையில் ஓட்டிப் பெற்ற அனுபவமும் அன்று கராச்சியோலாவைச் சறுக்கலிலிருந்து காக்கவில்லை. ஈரச் சாலைக்கு ஓட்டுநரின் புகழ் தெரியாது. அனுபவம் ஆபத்தைக் குறைக்குமே தவிர, அதை நீக்கிவிடாது. அடுத்த மாதம் நூர்புர்க்ரிங்கில் மழைக்கிடையே நடந்த ஜெர்மன் கிராண்ட் பிரியில் அவர் ஆறாவது முறையாக வெற்றி பெற்றார். அதுவே அவருடைய கடைசிப் பெரும் வெற்றி. சில வாரங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

இறுதிக்காலம்

போர் முடிந்தபின் 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் பங்கேற்கச் சென்றார். பயிற்சியின்போது ஏதோ ஒன்று தலையில் தாக்க, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். பல நாள் நினைவிழந்து கிடந்தவர் தேறி எழ நெடுங்காலம் ஆயிற்று. 1952ஆம் ஆண்டில், 51ஆம் வயதில், மீண்டும் மில்லே மில்யா பந்தயத்தில் கலந்துகொண்டு நான்காம் இடம் பெற்றார். அடுத்த சில நாள்களில் பெர்ன் நகரில் நடந்த பந்தயத்தில் அவர் வண்டி மரத்தில் மோதியது. இம்முறை இடது கால் முறிந்தது. அத்துடன் பந்தய வாழ்க்கை முடிவுக்கு வந்தது.

மகிழுந்து விற்பனையாளராகத் தொடங்கியவர், இறுதி ஆண்டுகளில் மீண்டும் மெர்சிடிஸ் நிறுவனத்தின் விற்பனைப் பணியிலேயே ஈடுபட்டார். 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், தமது 58ஆம் வயதில், கல்லீரல் நோயால் காலமானார். நூர்புர்க்ரிங் சாலையின் புகழ்பெற்ற வளைவு ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பினாங்குச் சாலைகளுக்கு ஒரு பாடம்

கராச்சியோலா ஓட்டியது பந்தயச் சாலையில். நம் சாலைகளோ பந்தயத்திற்கு உரியவை அல்ல. பள்ளி முடிந்து செல்லும் பிள்ளைகளும், அங்காடிக் கடைக்காரர்களும், மிதிவண்டியில் செல்லும் முதியவர்களும் அச்சாலைகளைப் பயன்படுத்துகின்றனர். ஆவுஸ் குடிலில் இருந்த மூவரைப்போல், அவர்களும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களே.

மலேசியாவில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமமும் 17 வயதில் மகிழுந்து உரிமமும் பெறலாம். இன்றைய சிறிய குடும்ப மகிழுந்துகள் பெரும்பாலும் முன்சக்கரங்களால் இயங்குகின்றன. ஆனால், மோட்டார் சைக்கிளைத் தள்ளுவது பின்சக்கரமே. ஆகவே, கராச்சியோலாவின் வண்டிக்குப் பொருந்திய பாடம் மாணவர் ஒருவரின் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். ஈர வளைவில் கைப்பிடியைத் திருகி வேகம் கூட்டினாலும், திடீரெனப் பிரேக் பிடித்தாலும் பின்சக்கரம் வழுக்கும். இரண்டு சக்கர வண்டியில் அதைச் சரிசெய்யக் கிடைக்கும் நேரம் இன்னும் குறைவு.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் மிகவும் ஆபத்தானவை. சாலையில் படிந்துள்ள எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுவழுப்பான படலமாகின்றன. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில், நனைந்த பழைய ஓடுகளின்மீது செருப்போடு ஓடிப் பார்த்தவர்களுக்கு அந்த வழுக்கல் எத்தகையது என்று தெரியும். சாலையில் நீர் தேங்கும்போது, வேகமாகச் செல்லும் டயர் நீரைக் கிழித்துச் சாலையைத் தொட முடியாமல் நீர்மேல் மிதக்கத் தொடங்குகிறது. அப்போது ஸ்டீரிங்கும் பிரேக்கும் பயன்படா. வேகத்தை மெல்லக் குறைத்து, சக்கரம் மீண்டும் சாலையைத் தொடும்வரை வண்டியை நேராக வைத்திருப்பதே வழி. டயரில் உள்ள பள்ளங்கள் நீரை வெளியேற்றவே வெட்டப்பட்டுள்ளன. அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையுமுன்பே டயரை மாற்றிவிட வேண்டும்.

முன்னால் செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விடுவதும், முகப்பு விளக்கை எரியவிடுவதும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும் எவரும் செய்யக்கூடியவை. சாலை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மழை பெய்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நிற்பது கோழைத்தனம் அன்று. கராச்சியோலாவுக்கும் ரோசமேயருக்கும் அமைந்த அந்த ஜனவரி நாளை நினைவுகூர்பவர்கள், நிறுத்துவதும் ஓட்டுநர்த் திறமையின் ஒரு பகுதி என்பதை அறிவர்.

ஆற்றல் மிகுந்த வண்டியை அடக்க முதலில் தம் காலை அடக்கக் கற்றுக்கொண்டவர் கராச்சியோலா. மழையை அவர் எதிரியாகக் கருதி மோதவில்லை. அதன் வலிமையை அறிந்து அதற்கேற்ப நடந்துகொண்டார். அப்படி நடந்தும் ஒரு நாள் வழுக்கினார். வழுக்கியவுடன் இறங்கி, பிறர் வழியைவிட்டுத் தம் வண்டியை அகற்றினார். தெலுக் பஹாங் சாலையில் மழை பெய்யும் மாலையில், வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கும் ஒவ்வோர் ஓட்டுநரும் அந்த மழை மேதையின் வழியில் நடப்பவரே. அவருக்குப் பரிசுக் கோப்பை கிடைப்பதில்லை. வீட்டில் காத்திருப்பவர்கள் கதவைத் திறந்து வரவேற்பார்கள். அதுவே அவர் பெறும் பரிசு.